ஏற்றம் ஏறாத மோட்டார்

பழைய மிதிவண்டியின் சக்கரத்தில் ஒரு மின்மோட்டாரைப் பொருத்தி, சட்டத்தில் ஒரு பாட்டரியைக் கட்டி, மிதிக்கும் களைப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் இந்நாளில் சிற்றூர்கள் வரை பரவியிருக்கிறது. தஞ்சையிலோ திருச்சியிலோ இருப்பவர் இதனால் அடையும் நன்மை ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு முதலிய மலைப்பகுதிகளில் வாழ்வோர் இதே கருவியை வாங்கிச் சென்று, முதல் ஏற்றத்திலேயே மனம் சோர்ந்து போகின்றனர். “எத்தனை வாட் மோட்டார் போட்டால் மலை ஏறும்?” என்று வினவுகின்றனர். கடைக்காரரும் அதே அளவுகோலைக் கொண்டே விடை கூறுகிறார். 250 போதவில்லையா, 500 போடுங்கள். அதுவும் போதவில்லையா, 1000 போடுங்கள் என்கிறார். இவ்விடை முழுப் பொய்யன்று. எனினும் இதனை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் குடும்பத்தினர் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் சில உள. அவற்றையே இத்திங்கள் எழுத எண்ணினோம்.

நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்று குன்னூர்ப் பக்கத்தில் உள்ளது. தந்தை ஐம்பத்தைந்து வயதினர். விடியுமுன் எழுந்து, நகரத்துப் பேக்கரியில் ரொட்டியும் பன்னும் வர்க்கியும் எடுத்து, தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்குக் கொண்டு சென்று விற்பவர். முழங்கால் வலி வந்தபின், அவருடைய மகன் தன் கியர் சைக்கிளைத் தந்தைக்கு அளித்தான். சமவெளி நகரம் ஒன்றிலிருந்து 36 வோல்ட், 250 வாட் மோட்டார்த் தொகுப்பு ஒன்றை வருவித்துப் பின்சக்கரத்தில் பூட்டியும் கொடுத்தான். ஊருக்குள் வண்டி பறந்தது. தோட்டத்துக்கு ஏறும் சாலையிலோ பாதி வழியில் வேகம் தளர்ந்து, மோட்டாரிலிருந்து வார்னிஷ் கருகும் நாற்றம் எழுந்தது. விற்றவரைக் கேட்டதற்கு, அதைக் கழற்றிவிட்டு 1000 வாட் மோட்டாரும் 48 வோல்ட் பாட்டரியும் வாங்குமாறு சொல்லிவிட்டார். தாயாரின் காதுத்தோட்டை அடகு வைப்பதா வேண்டாமா என்ற பேச்சு வீட்டில் எழுந்த நிலையில்தான் தந்தையும் மகனும் நம்மிடம் வந்தார்கள். ஒரு மோட்டாருக்காகத் தோடு அடகுக்குப் போவது நமக்கு ஒப்பவில்லை. ஆகவே தாளும் பென்சிலுமாக அவர்களோடு அமர்ந்தோம்.

முதலில் எடையைக் கூட்டினோம். ஓட்டுபவர் 65 கிலோ. மோட்டாரும் பாட்டரியும் பூண்ட சைக்கிள் 30 கிலோ. ரொட்டிப் பெட்டி 25 கிலோ. ஆக 120 கிலோ. சாலையோ 12 அடி முன்னேறினால் 1 அடி உயர்வது என்று கொண்டோம். நீலகிரி மலை ரயில் பாதையின் மிகச் செங்குத்தான இடமும் இந்த 12-க்கு 1 தான். தோட்டத்துக் கிளைச் சாலைகளில் இதனினும் கடுமையான ஏற்றங்கள் உண்டு. 120-ஐ 12-ஆல் வகுக்கப் பத்துக் கிலோ. டயரின் உராய்வு முதலியவற்றுக்காக மேலும் ஒரு கிலோ. அதாவது, பதினொரு கிலோ எடையுள்ள நீர்வாளியைக் கிணற்றிலிருந்து கயிற்றால் இழுத்துக்கொண்டே இருப்பதற்கு ஒப்பான வேலை இது. வாளியை மெல்ல இழுத்தாலும் விரைந்து இழுத்தாலும் கயிற்றில் உணரும் பாரம் அதே பதினொரு கிலோதான். விரைந்து இழுத்தால் மூச்சு வாங்கும். மெல்ல இழுத்தால் வாங்காது.

வாட் என்பது இந்த மூச்சு வாங்குதலின் அளவு என்று கொள்ளலாம். இதே ஏற்றத்தில் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் ஏற வேண்டுமானால் சுமார் 720 வாட் வேண்டும். 12 கிலோமீட்டர் போதும் என்றால் 360 வாட். 8 கிலோமீட்டர் என்றால் 240 வாட். உடல்நலமுள்ள ஒருவர் அதிகம் களைக்காமல் தொடர்ந்து மிதித்து 75 முதல் 100 வாட் வரை தர இயலும். ஆக, 250 வாட் மோட்டாரும் ஒரு மனிதரின் கால்களும் சேர்ந்தால் மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் இந்த ஏற்றத்தைக் கடக்கலாம் என்று கணக்குச் சொல்கிறது. நடையைப் போல் இரு மடங்குக்கு மேலான வேகம். ரொட்டி விற்பவருக்கு இது போதும். அப்படியாயின் மோட்டார் கருகியது ஏன்?

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் சென்றவர்களுக்கு இதன் விடை பாதி தெரியும். 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் ஓடத் தொடங்கிய அந்த ரயில், 46 கிலோமீட்டர் தூரத்தை ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. கல்லாறு தொடங்கிக் குன்னூர் வரையுள்ள கடும் ஏற்றத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே பல்லுள்ள இரும்புச் சட்ட அமைப்பு ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. அதனைக் கவ்வி ஏற எஞ்சினின் அடியில் தனிப் பல்சக்கரங்கள். அவற்றை ஓட்டத் தனி உருளைகள். சமதளத்துக்கு ஓர் அமைப்பு, ஏற்றத்துக்கு வேறோர் அமைப்பு என்று அக்காலத்துப் பொறியியலார் தெளிவாகப் பிரித்து வைத்தனர். மிதிவண்டியின் சக்கரத்துக்குள் அடைபட்ட மோட்டாருக்கோ இவ்வாறு மாற்றிக்கொள்ள வழியில்லை.

இதனைச் சற்று விளக்க வேண்டும். மின்மோட்டார் தரும் முறுக்குவிசை அதன் செப்புக் கம்பிச் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் இரட்டித்தால் முறுக்குவிசையும் இரட்டிக்கும். ஆனால் கம்பியில் எழும் வெப்பமோ நான்கு மடங்காகும். வாளியின் பாரம் மாறாதது போலவே, குறிப்பிட்ட ஏற்றத்தில் சக்கரத்துக்கு வேண்டிய முறுக்குவிசை மாறாது, ஆகவே மின்னோட்டமும் மாறாது, வெப்பமும் மாறாது. வண்டி 24 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினாலும், 8 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தாலும், ஒவ்வொரு நொடியும் கம்பிச் சுருளில் பிறக்கும் வெப்பம் ஒன்றே. ஊரும்போது பயனுள்ள வேலை மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. வெப்பத்தில் கிடக்கும் நேரமோ மூன்று மடங்காகிவிடுகிறது. மெல்லப் போனால் மோட்டாருக்கு நல்லது என்று நம்மவர்கள் எண்ணுவது இங்கேதான் பொய்க்கிறது. சக்கரத்தில் அமைந்த மோட்டார், மெல்ல ஏறும்போதுதான் வெந்து போகிறது.

வெப்பம் மிகுந்தால் முதலில் கம்பியின் மேற்பூச்சு கருகும். அந்த நாற்றத்தையே தந்தை முகர்ந்தார். உள்ளே உள்ள நியோடிமியக் காந்தங்களுள் சாதாரண வகை, 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தன் வலிமையை நிலையாக இழக்கத் தொடங்கும். மேலும் வெப்பம் தாங்கும் வகைகள் உண்டு. மலிவான தொகுப்பில் எது இருக்கிறது என்று வெளியிலிருந்து காண்பவர் கூற இயலாது. வலிமை இழந்த காந்தத்தையுடைய மோட்டார் அதே ஏற்றத்துக்கு மேலும் மின்னோட்டத்தை இழுக்கும், மேலும் சூடேறும். ஒருமுறை கருகிய மோட்டார் அடுத்த முறை முன்னதாகவே கருகுவது இதனால்தான்.

“கியர் சைக்கிள்தானே, சின்ன கியரில் போட்டால் ஆகாதா?” என்று மகன் கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் அந்தக் கியர் செயினுக்கு உரியது; தந்தையின் கால்களுக்கு உதவும். மோட்டார் இருப்பதோ செயினுக்கு அப்பால், சக்கரத்தின் ஹப்பில். இருபத்தொரு கியர் இருந்தாலும் மோட்டாருக்கு அவற்றுள் ஒன்றும் கிட்டாது. சக்கரம் நிமிடத்துக்கு 200 முறை சுழன்றால் வண்டி 24 அல்லது 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அந்தச் சுழற்சிக்கென்றே அம்மோட்டார் அமைக்கப்பட்டது. ஏற்றத்தில் சக்கரம் 90 முறைதான் சுழல்கிறது. தறிகெட்டு ஓடும் குதிரையை ஏரில் பூட்டியது போன்ற நிலை.

இனி, என்னென்ன மாற்றங்கள் செய்யலாம் என்று பார்ப்போம். செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. அது மிதிப்பது. கைப்பிடியில் உள்ள ஆக்ஸிலரேட்டரைத் திருகிவிட்டுக் கால்களைச் சும்மா வைத்திருப்பதே இன்று பலருடைய பழக்கம். வேண்டிய விசையில் கால் பங்கை ஓட்டுபவர் ஏற்றுக்கொண்டால், மோட்டாரின் பங்கு முக்காலாகும். அதன் வெப்பமோ முக்காலின் முக்கால், அதாவது நூற்றில் 56 ஆகக் குறையும். கால் பங்கு உழைப்புக்கு ஏறத்தாழப் பாதி வெப்பம் தணிகிறது! கால்களுக்குச் சிறிய கியரைப் போட்டு, அழுத்தாமல் விரைந்து சுழற்றினால் முழங்காலுக்கும் தீங்கில்லை. புதிய மோட்டார் வாங்க எண்ணுவோர் ஒரு வாரமேனும் இதைச் செய்து பார்த்துவிட்டு வாங்கட்டும்.

அடுத்து, பழுது பார்ப்போர் பலர் கூறும் வழி கண்ட்ரோலரை மாற்றுவது. 15 ஆம்பியர் தரும் கண்ட்ரோலருக்குப் பதிலாக 20 ஆம்பியர் தருவதை வைத்தால் இழுவிசை மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் வெப்பம் ஏறத்தாழ எண்பது விழுக்காடு கூடும். பாலத்தின் மீது ஏறுவது போன்ற இரண்டு நிமிட ஏற்றத்துக்கு இது பொருந்தும்; அரை மணி நேர மலைச்சாலைக்குப் பொருந்தாது. கண்ட்ரோலரின் உள்ளே உள்ள சிறு கம்பியில் ஈயத்தைப் பூசி அதனை ஏமாற்றும் வித்தையும் இளைஞர்களிடையே பரவியிருக்கிறது. எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்பதைக் கண்ட்ரோலரே அறியாமற் செய்துவிடும் வேலை அது. வீட்டு ஃப்யூஸில் தடித்த கம்பியைச் சுற்றுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

36 வோல்ட்டிலிருந்து 48 வோல்ட்டுக்கு மாறுவது பற்றிச் சொல்வோம். மின்னழுத்தம் கூடினால் மோட்டார் மேலும் விரைந்து சுழல இயலும். ஆகவே ஏற்றத்தையும் விரைந்து முடிக்கலாம். வெப்பத்தில் இருக்கும் நேரம் குறையும். இது உண்மையான பயனே. ஆனால் குறிப்பிட்ட ஏற்றத்துக்கு வேண்டிய மின்னோட்டத்தை அது ஒரு துளியும் குறைப்பதில்லை. விரைந்து ஏற முடியாத வளைவுகளிலும், மேடுபள்ளமான தோட்டத்துச் சாலையிலும், பழைய கதைதான். சமவெளியில் வேகம் மட்டும் 35, 40 என்று ஏறி, சைக்கிள் பிரேக்கை நம்பி ஓட்டும் நிலை வந்து சேரும்.

சக்கரத்தைச் சிறிதாக்குவது பலரும் எண்ணிப் பாராத வழி. 26 அங்குலச் சக்கரத்தில் உள்ள அதே மோட்டாரை 20 அங்குல ரிம்மில் போக் கட்டினால், வேண்டிய முறுக்குவிசை நூற்றுக்கு 77 ஆகிறது. வெப்பம் 59 ஆகிறது. வேகமும் அதே அளவு குறையும் என்பது இதற்குரிய விலை. மடக்கு சைக்கிளோ சரக்குச் சைக்கிளோ புதிதாக வாங்குவோர் இதனை மனத்திற்கொள்ளலாம். ஹப் மோட்டாரிலேயே இரு வகை உண்டு. ஒன்று உள்ளே பல்சக்கரம் வைத்து, மோட்டாரை நான்கைந்து மடங்கு விரைவாகச் சுழலவிட்டுச் சக்கரத்தை மெல்லச் சுழற்றுவது. சிறியது, எடை குறைந்தது, குறுகிய ஏற்றங்களுக்கு ஏற்றது. ஆனால் அதன் பற்கள் பெரும்பாலும் நைலானால் ஆனவை. மிகுந்த சூட்டில் இளகித் தேயும். மற்றது பல்சக்கரம் இல்லாத பெரிய, கனமான மோட்டார். வெப்பத்தை மெல்ல ஏற்று மெல்ல விடும். காற்றுப் புகட்டும் என்று அதன் மூடியில் துளை போடுவாரும் உளர். ஆண்டில் பாதி நாள் மழையும் பனிமூட்டமும் உள்ள நீலகிரியில் அத்துளை வழியே எது முதலில் புகும் என்று சொல்லத் தேவையில்லை.

இவையனைத்தையும் விட மலைநாட்டுக்கு உரியது பெடல் அச்சின் இடத்தில் பொருத்தும் நடு மோட்டார். இது சக்கரத்தைத் தொடுவதில்லை. பெடலோடு சேர்ந்து செயினை இழுக்கிறது. ஆகவே பின்சக்கரத்துக் கியர்கள் கால்களுக்கு மட்டுமன்றி மோட்டாருக்கும் உதவுகின்றன. முன்னே 44 பல், பின்னே 34 பல் என்று கொள்வோம். பெடல் நிமிடத்துக்கு 70 முறை சுற்ற, சக்கரம் 90 முறை சுற்றும். வண்டி மணிக்கு 11 கிலோமீட்டரில் ஏறும். பெடலின் 70 சுற்று நடு மோட்டாருக்கு உகந்த சுழற்சியை அடுத்தது. அதாவது, மோட்டார் தன் இயல்பான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, வண்டி மட்டும் மெல்ல ஏறுகிறது. நாம் மேலே கணக்கிட்ட 250 வாட்டும் இங்கே வேலையாக வெளிவருகிறது, புகையாக அன்று.

நடு மோட்டார் வாங்குவோர் ஏமாறக்கூடிய இடம் ஒன்றுண்டு. கியர் இல்லாத பழைய சைக்கிளில் இதனைப் பொருத்திப் பயனில்லை. முன்னே 44, பின்னே 18 பல் உள்ள சைக்கிளில் பெடல் 80 சுற்றுச் சுற்றினால் வண்டி 24 கிலோமீட்டரில் ஓடும். 11 கிலோமீட்டரில் ஏறும்போது பெடல் 37 சுற்றுதான் சுற்றும். ஹப் மோட்டாரின் நோயே இங்கும் வந்துவிடும். கியர் சைக்கிளாயினும் பின்னே உள்ள பெரிய பல்சக்கரம் 28 பல் உடையதாயின், அதை 34 பல் உள்ள ஃப்ரீவீலாக மாற்றிக்கொள்வது நன்று. மோட்டாரோடு ஒப்பிட அது சிறு செலவே. இவ்வகை மோட்டார்கள் பெரும்பாலும் 68 முதல் 73 மில்லிமீட்டர் அகலமுள்ள அச்சுக் கூட்டுக்கென்று செய்யப்படுகின்றன. பணம் கட்டுமுன் ஸ்கேலை வைத்து அளந்து பார்க்க வேண்டும். செயினும் பற்களும் விரைவில் தேயும் என்பதையும் மறைப்பதற்கில்லை. கியர் மாற்றும்போது ஒரு நொடி மோட்டாரின் விசையை விட்டு மாற்றப் பழகாதவர் மாதத்துக்கு ஒரு செயின் வாங்குவார்.

குன்னூர்க் குடும்பத்தின் சைக்கிள் கியர் உடையது; பாட்டரியோ நல்ல நிலையில் உள்ள 36 வோல்ட் பாட்டரி. இத்தகைய தொகுப்பில் விலை மிகுந்தது பாட்டரிதான். 48 வோல்ட்டுக்குப் போனால் அதை எறிய வேண்டும். 36 வோல்ட்டில் 250 வாட் நடு மோட்டார்கள் கிடைக்கின்றன. சீனத்துப் பாஃபாங் நிறுவனம் செய்யும் வகை 15 ஆம்பியருக்குள் அடங்குவது. ஆகவே பாட்டரியை வைத்துக்கொண்டு மோட்டாரை மட்டும் மாற்றினார்கள். 34 பல் ஃப்ரீவீலும் போட்டார்கள். பழைய ஹப் மோட்டாரைச் சமவெளியில் உள்ள உறவினர் ஒருவர் வாங்கிக்கொண்டார். அங்கே அது நன்றாக ஓடுகிறதாம். மீதிப் பணத்தைத் தவணையில் கட்டினர். தோடு காதிலேயே இருக்கிறது. வேகம் போதவில்லை என்பது மகனின் குறை. தந்தைக்கு அக்குறை இல்லை.

பாட்டரி பற்றிச் சிறிது கணக்கு. 120 கிலோவை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற 33 வாட்-மணி ஆற்றல் வேண்டும். மோட்டார் மட்டுமே இழுத்து, அதன் திறன் நூற்றுக்கு 75 ஆயின் 44 செலவாகும். வெந்துகொண்டே ஏறும் ஹப் மோட்டாரில் திறன் 50 ஆயின் 65-ஐத் தாண்டும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் உள்ளது 360 வாட்-மணி. முன்னதில் 800 மீட்டர் உயரம் ஏறலாம். பின்னதில் 550 மீட்டரில் நின்றுவிடும். சரியான மோட்டார் என்பது பாட்டரியை இரண்டாவது முறை வாங்காமலிருப்பதற்கும் வழியாகிறது. குளிர் மிகுந்த காலையில் லித்தியம் பாட்டரி தன் முழு அளவைத் தராது என்பதையும் உதகைப் பக்கத்தார் கணக்கில் சேர்க்க வேண்டும். உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில் வெளியே கிடந்த பாட்டரியை உடனே சார்ஜ் செய்யக் கூடாது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் அதன் உட்புறம் நிலையாகக் கெடும்.

குறைந்த விலையில் கிடைக்கிறதென்று, பழைய மடிக்கணினிகளிலிருந்து கழற்றிய செல்களைக் கட்டிய பாட்டரியை வாங்குவோர் இருக்கின்றனர். ஏற்றத்தில் நெடுநேரம் முழு மின்னோட்டத்தை இழுப்பது பாட்டரிக்கு மிகக் கடுமையான சோதனை. வலுவற்ற செல் அங்கேதான் வீங்கும். மின்சைக்கிள்கள் மலிந்த நியூயார்க் நகரில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் லித்தியம் பாட்டரிகளால் 268 தீ விபத்துகள் நேர்ந்து 18 பேர் மாண்டனர். பயன்படுத்திய செல்களைக் கொண்டு பாட்டரி கட்டி விற்பதை அந்நகரம் அதே ஆண்டில் சட்டத்தால் தடுத்தது. ஆகவே, சார்ஜ் ஏறும் பாட்டரியை வீட்டின் ஒரே வாசற்படியருகிலோ, குழந்தைகள் உறங்கும் கட்டிலின் கீழோ வைக்காதீர்கள். பாட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புப் பலகை மின்னோட்டத்தைத் துண்டிக்கிறதே என்று அதனைத் தவிர்த்துக் கம்பி இணைப்பவரை உங்கள் சைக்கிளைத் தொட விடாதீர்கள்.

ஹப் மோட்டாரையே வைத்துக்கொண்டு வலிமையைக் கூட்டுவோர், அச்சைப் பிடித்துக்கொள்ளும் டார்க் ஆர்ம் என்னும் எஃகுத் தகட்டை மறக்கக் கூடாது. சக்கரத்தை முன்னே தள்ளும் விசை, அச்சைப் பின்னே திருப்ப முயல்கிறது. சாதாரண நட்டு மட்டும் இருந்தால், ஒரு நாள் அச்சு திரும்பி, கம்பிகளை முறுக்கி அறுத்துக்கொண்டு வெளியே வரும். முன் ஃபோர்க்கில், அதிலும் அலுமினிய ஃபோர்க்கில், பொருத்தியிருந்தால் ஓட்டுபவர் முகம் குப்புற விழுவார்.

சட்டத்தையும் சொல்லிவிடுவோம். நம் நாட்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முப்பது நிமிட ஆற்றல் 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் உள்ள மின் இருசக்கர வண்டி, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் சான்று பெற்றிருந்தால், மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. 1000 வாட் மோட்டார் இந்த விலக்கைக் கடந்துவிடுகிறது. பதிவு, உரிமம், காப்பீடு எதுவும் இல்லாத மோட்டார் வாகனத்தைப் பதினைந்து வயதுப் பையன் ஓட்டிச் சென்று ஒருவர் மீது மோதினால், இழப்பீடு யார் தலையில் விழும் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்கட்டும். விற்பவரிடம் அந்தச் சான்றைக் கேளுங்கள், தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

ஏறிய மலையிலிருந்து இறங்கவும் வேண்டுமே! ஏறும்போது ஊட்டிய ஆற்றலெல்லாம் இறங்கும்போது பிரேக்கில் வெப்பமாக வந்து சேர்கிறது. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு ஏறும் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் கார்களின் பிரேக்கே சூடேறிச் செயலற்றுப் போவதுண்டு. ரப்பர்க் கட்டை பிடிக்கும் சைக்கிள் ரிம்மும் அவ்வாறே கொதிக்கும்; டியூப் வெடிப்பதும் உண்டு. மோட்டாரின் செலவில் ஒரு பகுதியை டிஸ்க் பிரேக்குக்கு ஒதுக்குவது வீண் செலவன்று. இரண்டு பிரேக்குகளையும் மாற்றி மாற்றிப் பிடித்து, இடையிடையே நின்று ஆறவிட்டு இறங்குதல் நல்லது.

பல்சக்கரம் இல்லாத பெரிய ஹப் மோட்டார் உடையவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. தக்க கண்ட்ரோலர் இருந்தால் இறக்கத்தில் அதே மோட்டார் மின்னாக்கியாக மாறி, வண்டியைத் தடுத்து, பாட்டரியில் சிறிது மின்சாரத்தைத் திரும்பச் சேர்க்கும். ஆனால் வீடு மலையுச்சியில் இருப்பவர், இரவெல்லாம் சார்ஜ் ஏற்றி நிரம்பிய பாட்டரியோடு காலையில் இறங்கத் தொடங்கினால், அந்த மின்சாரம் போய்ச் சேர இடமிராது. பாதுகாப்புப் பலகை இணைப்பைத் துண்டித்துவிட, மோட்டாரின் தடுப்பு நடுவழியில் திடீரென நின்றுபோகும். அத்தகையோர் முக்காலுக்குச் சற்று மேல் சார்ஜ் ஏறியவுடன் நிறுத்திவிட்டுப் புறப்படுக.